பள்ளியில் கொரோனா டெஸ்ட்: எனக்கு முன்கூட்டியே யாராவது சொல்லியிருக்க வேண்டியவை

சென்னையின் தென்கோடியில், பழைய மகாபலிபுரம் சாலையை ஒட்டிய ஒரு குடிசை மாற்று வாரியக் குடியிருப்புக்குப் பக்கத்து அரசு உயர்நிலைப் பள்ளியில் நான் கணக்கு ஆசிரியை. 2021 செப்டம்பரில் என் பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் அத்தனை பேருக்கும் ஒரே நாளில் ஆர்டி-பிசிஆர், அதாவது மூக்கிலும் தொண்டையிலும் குச்சி விட்டு எடுக்கும் கொரோனா டெஸ்ட், எடுக்க வேண்டி வந்தது. அந்தப் பொறுப்பு முழுக்க என் தலையில் விழுந்தது. மாஸ்க், சானிடைசர், இடைவெளி என்று பக்கம் பக்கமாகச் சுற்றறிக்கை வந்திருந்தது. ஆனால் அந்த நாளிலும் அதற்குப் பின்னால் வந்த வாரங்களிலும் என்னைப் படுத்தியெடுத்த விஷயம் ஒன்றுகூட அதில் இல்லை. கொரோனா ஓய்ந்துவிட்டது. ஆனாலும் சுகாதாரத் துறை வண்டி பள்ளி வாசலில் வந்து நிற்கும் நாள் மறுபடி வராது என்று யாராலும் சொல்ல முடியாது. அன்றைக்கு இன்னொரு டீச்சர் என்னைப் போல ஒண்டியாக நின்று தவிக்கக் கூடாது. அதற்காகத்தான் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

எங்கள் பிள்ளைகளின் வீடுகளைப் பற்றி முதலில் சொல்லியாக வேண்டும். பெரும்பாலானவர்கள் கூவம், அடையாற்றுக் கரைகளிலிருந்து அப்புறப்படுத்தப்பட்டு இங்கே கொண்டுவந்து விடப்பட்ட குடும்பங்கள். அம்மாக்கள் சாலையோரத்து அடுக்குமாடிகளில் வீட்டு வேலை செய்கிறார்கள், இல்லையென்றால் ஐடி கம்பெனிகளில் ஹவுஸ்கீப்பிங். அப்பாக்களுக்கு பெயிண்டிங், லோடு வேலை, ஷேர் ஆட்டோ. வீடு என்பது ஒரு அறையும் ஒரு மூலையில் அடுப்பும்தான். அதில் ஐந்து பேர், ஆறு பேர். இடையில் சில வாரங்கள் தவிர ஒன்றரை வருடமாகப் பள்ளி மூடிக் கிடந்ததில் பாதிப் பையன்கள் வேலைக்குப் போய்ப் பழகிவிட்டார்கள். செப்டம்பர் 1-ஆம் தேதி ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வரை திறந்தார்கள். வகுப்பறைக்கு 20 பேர்தான், ஆசிரியர்கள் தடுப்பூசி போட்டிருக்க வேண்டும், வாசலில் வெப்பநிலை பார்க்க வேண்டும் என்றெல்லாம் விதி. பிள்ளைகளுக்கு அப்போது தடுப்பூசி கிடையாது. அதே வருடம் மார்ச்சில் தஞ்சாவூர் மாவட்டப் பள்ளிகளில் வரிசையாகத் தொற்று வந்து, ஒன்பது, பத்து, பதினொன்று வகுப்புகளைத் திரும்ப மூடியது எல்லோருக்கும் ஞாபகம் இருந்தது. எங்கள் பள்ளியும் அப்படி ஆகிவிடக் கூடாதே என்ற பயத்தோடுதான் ஒவ்வொரு நாளும் கேட்டைத் திறந்தோம்.

பள்ளி திறந்து சில வாரங்களில் ஒரு மதியம், என் வகுப்புப் பெண் ஒருத்தி சத்துணவுத் தட்டை அப்படியே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஏன்டா சாப்பிடலை என்று கேட்டேன். "சாம்பார்ல வாசனையே வரல மிஸ், வாய்ல வெச்சா ஒண்ணுமே தெரியல" என்றாள். காலையில் வாசலில் நெற்றிக்கு நேராகக் காட்டிய தெர்மாமீட்டரில் அவளுக்குக் காய்ச்சலே இல்லை. விசாரித்தால், ஒரு வாரம் முன்பு அவள் அம்மாவுக்குக் காய்ச்சல். மாத்திரை போட்டுக்கொண்டு வேலைக்குப் போயிருக்கிறார். இதிலிருந்து முதல் விஷயம்: அந்தக் கருவியை மட்டும் நம்பாதீர்கள். தினமும் காலையில் வீட்டில் யாருக்காவது காய்ச்சலா, தொண்டை வலியா, வாசனை தெரிகிறதா என்று வாய்விட்டுக் கேளுங்கள். அதுவும் எல்லோர் முன்னாலும் அல்ல, வருகைப் பதிவு எடுக்கும்போது ஒவ்வொருவராக மேசைக்குக் கூப்பிட்டுக் கேளுங்கள். இரண்டு நிமிடம்கூட ஆகாது.

அவளை ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்பினோம். அங்கே அப்போது பரிசோதனை இலவசம். மறுநாள் மாலை பாசிட்டிவ் என்று வந்தது. அன்று இரவே எனக்கு போன்: நாளைக் காலை பத்து மணிக்கு டீம் வருகிறது, அந்த வகுப்பு முழுக்கவும், பாடம் எடுக்கும் ஆசிரியர்களும் டெஸ்ட் எடுத்துக்கொள்ள வேண்டும். தலைமையாசிரியர் அப்போது வேறொரு பள்ளிக்கும் பொறுப்பு. "நீங்களே பாத்துக்கோங்க டீச்சர், நான் வர முடியாது" என்று சொல்லி வைத்துவிட்டார். போனைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். ஒரே ராத்திரியில் அத்தனை பெற்றோரிடமும் சம்மதம் வாங்க வேண்டும்.

எமிஸ் என்ற கல்வித் துறையின் மாணவர் விவரப் பதிவேட்டில் இருந்த எண்களை ஒவ்வொன்றாக அடிக்க ஆரம்பித்தேன். பாதிக்கு மேல் போகவில்லை. ரீசார்ஜ் செய்யாமல் செத்துப்போன சிம், விற்றுவிட்ட போன், எப்போதோ ஆறாம் வகுப்பில் சேரும்போது கொடுத்த மாமா நம்பர், பக்கத்து வீட்டு அக்கா நம்பர். எங்கள் பகுதியில் ஒரு போனை இரண்டு மூன்று குடும்பங்கள் பகிர்ந்துகொள்வது சாதாரணம். கட்டணம் கட்ட முடியாத மாதத்தில் எண்ணே மாறிவிடும். இது வெறும் தொடர்புப் பிரச்சினை இல்லை என்பது பிறகுதான் தெரிந்தது. டெஸ்ட் படிவத்தில் எந்த எண்ணை எழுதுகிறோமோ அந்த எண்ணுக்குத்தான் ரிசல்ட்டும் போகும், சுகாதாரப் பணியாளரின் போனும் போகும். ஆகவே இதை இப்போதே, நோய் எதுவும் இல்லாத நாளில், செய்து வையுங்கள்: ஒவ்வொரு பிள்ளைக்கும் இன்றைக்கு எடுக்கிற எண் எது, அந்த போன் யார் கையில் இருக்கிறது, பகலில் இருக்குமா இரவில் இருக்குமா, அதில் பிள்ளையின் விஷயத்தைச் சொல்லலாமா கூடாதா. கடைசிக் கேள்விதான் முக்கியம். பக்கத்து வீட்டு போன் என்றால் "டீச்சரைக் கூப்பிடச் சொல்லுங்க" என்பதற்கு மேல் அதில் ஒரு வார்த்தை சொல்லக் கூடாது.

எடுத்தவர்களில் பலர் முடியாது என்றார்கள். ஊசிக்கோ குச்சிக்கோ பயந்து சொன்னதாக நினைக்காதீர்கள். ஒரு அம்மா சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "பாசிட்டிவ்னு வந்துச்சுன்னா அபார்ட்மெண்ட்ல கேட்டுக்குள்ளயே வுட மாட்டாங்க மிஸ். பதினாலு நாளும் யாரு எங்களுக்கு சோறு போடறது? டெஸ்ட் எடுக்கலன்னா ஒண்ணுமில்ல, எடுத்தாதான் வியாதி." அவர் நான்கு வீடுகளில் வேலை செய்பவர். வேலைக்குப் போகாத நாளுக்குச் சம்பளம் கிடையாது. அதைவிட, பதினான்கு நாள் கழித்துப் போனால் அந்த வீடுகளில் வேறு ஆள் வந்திருப்பார்கள். 2020-இல் சென்னையில் தொற்று வந்த வீட்டு வாசலில் தகரம் வைத்து அடைத்ததை இவர்கள் கண்ணால் பார்த்தவர்கள். அந்த அம்மா சொன்னதில் எந்த அறியாமையும் இல்லை. கணக்கு சொல்லிக்கொடுக்கும் எனக்கே அவர் போட்ட கணக்கில் தப்புக் கண்டுபிடிக்க முடியவில்லை.

ஆகவே "விழிப்புணர்வு" பேச்சு வேண்டாம். வைரஸ் எப்படிப் பரவும் என்று நான் ஆரம்பித்தாலே அந்தப் பக்கம் "சரி மிஸ்" என்று வைத்துவிடுகிறார்கள். மூன்று விஷயங்களை நேராகச் சொன்னபோதுதான் கேட்டார்கள். ரிசல்ட் என்னவாக இருந்தாலும் நான் வகுப்பில் பேர் சொல்ல மாட்டேன். வீட்டில் அடைபட வேண்டி வந்தால் அரிசி பருப்புக்கு நான் ஏற்பாடு செய்கிறேன். வேலை செய்யும் இடத்துக்கு லெட்டர் வேண்டுமென்றால் வாங்கித் தருகிறேன். இந்த மூன்றும் என் கைக்குள் இருந்தவை. "பயப்படாதீங்க, நெகட்டிவ்தான் வரும்" என்று மட்டும் யாரிடமும் சொல்லவில்லை. அது என் கையில் இல்லாதது. அந்த இரவு நான் பேசியதில் பெரும்பாலானவர்கள் சம்மதித்தார்கள். சிலர் பிள்ளையை அனுப்பவே இல்லை. போன் எடுக்காத வீடுகளுக்குக் காலையில் விடிந்ததும் நேரில் போனேன். பல மாடி ஏறி இறங்கினேன், லிஃப்ட் வேலை செய்யவில்லை.

டெஸ்ட் நாள். டீம் வந்ததும் ஸ்டாஃப் ரூமில் வைக்கலாம் என்றார்கள். நான் வேண்டாம் என்று வராந்தாக் கடைசியில், காற்றோட்டமாக இருக்கும் இடத்தில் நாற்காலி போட்டேன். மூக்கிலும் தொண்டையிலும் குச்சி விடும்போது பிள்ளைகள் இருமுவார்கள், தும்முவார்கள், சிலர் வாந்தியே எடுப்பார்கள். மூடிய அறையில் அதைச் செய்யக் கூடாது. வரிசையை நாற்காலிக்கு எதிரே நிறுத்தாமல் சுவருக்கு அந்தப் பக்கம் நிறுத்தினேன். முதல் பையன் கண்ணில் தண்ணீர் வழிய எழுந்து வருவதை மற்றவர்கள் பார்த்தால் வரிசை பாதியாகக் கரைந்துவிடும். முதல் ஆளாக நானே உட்கார்ந்து, எனக்கு எடுப்பதைப் பிள்ளைகளைப் பார்க்கச் சொன்னேன். "மூளை வரைக்கும் போவுமா மிஸ்?" என்று ஒரு பெண் கேட்டாள். டெக்னீஷியன் பொறுமைசாலி. குச்சியைக் காட்டி, அதில் இருக்கும் கோட்டைத் தொட்டு, இதுவரைக்கும்தான், மூக்குக்குப் பின்னால் தொண்டை ஆரம்பிக்கிற இடம், அங்கே நாலைந்து செகண்ட் சுற்றிவிட்டு எடுத்துவிடுவேன் என்று விளக்கினார். அந்த ஒரு விளக்கத்துக்குப் பிறகு வரிசை ஒழுங்காக நகர்ந்தது. காலையில் வயிறு நிறையச் சாப்பிட்டு வந்த பிள்ளைகள்தான் அதிகம் சிரமப்பட்டார்கள். டெஸ்ட்டுக்கு ஒரு மணி நேரம் முன்பு எதுவும் சாப்பிட வேண்டாம், முடிந்ததும் பிஸ்கட்டும் தண்ணீரும் தருகிறோம் என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். ஒரு வாளி, துடைக்கத் துணி, பிளீச்சிங் பவுடர் கரைத்த தண்ணீர், கைகழுவ சோப்பு எல்லாம் பக்கத்தில் இருக்கட்டும். கேட்டு வாங்க நேரம் இருக்காது.

அடுத்து பெயர். என் வகுப்பில் ஒரே பெயரில் மூன்று பெண்கள். அதில் இரண்டு பேருக்கு இனிஷியலும் ஒன்றே. மாதிரி எடுத்த குழாய் கட்டைவிரல் உயரம்தான் இருக்கும், உள்ளே இளஞ்சிவப்புத் திரவம். அதன்மேல் ஒட்டிய துண்டுக் காகிதத்தில் மார்க்கரால் பெயரையும் எண்ணையும் எழுதுகிறார்கள். அதே கையில் சானிடைசர் படும்போது மை கலங்குகிறது. ஒரு குழாயில் இனிஷியல் இருந்த இடம் நீலக் கறையாக ஆனதை என் கண்ணாலேயே பார்த்தேன். சொன்னேன், திரும்ப எழுதினார்கள். ஆனாலும் படிவத்தை ஒருவர் செல்போனில் ஏற்ற, குழாயில் இன்னொருவர் எழுத, எங்கோ ஓரிடத்தில் இரண்டு பெண்களும் மாறிப்போனார்கள். அதை நாங்கள் கண்டுபிடித்தது பிற்பாடு. நீங்கள் செய்ய வேண்டியது இதுதான்: ஒவ்வொரு மாதிரிக்கும் ஓர் அடையாள எண் தருவார்கள், அப்போது அதற்கு எஸ்ஆர்எஃப் எண் என்று பெயர். அதை நீங்களே ஒரு நோட்டில், பிள்ளையின் முழுப் பெயர், அப்பா பெயர், பிறந்த தேதி, போன் எண்ணோடு சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள். குழாய் பெட்டிக்குள் போகும் முன்னால் அதிலிருக்கும் எண்ணையும் நோட்டையும் ஒப்பிட்டு டிக் போடுங்கள். ஆதாரில் உள்ள எழுத்துகளோடு பெயர் ஒத்துப்போகட்டும். டீம் ஆட்கள் அவசரத்தில் இருப்பார்கள், அவர்களுக்கு அன்று இன்னும் நாலு இடம் போக வேண்டும். ஆகவே நோட்டைப் பிடித்துக்கொண்டு நிற்க ஒரு ஆளை முழுநேரமும் ஒதுக்குங்கள். வேறு வேலை அவருக்குக் கொடுக்காதீர்கள்.

ரிசல்ட் ஒரு நாளில் வரும் என்றார்கள். அது வார இறுதி, இழுத்துக்கொண்டே போனது. அந்த இடைப்பட்ட நாள்கள் மாதிரி நான் எதையும் அனுபவித்ததில்லை. என் வீட்டில் மாமியாருக்கு வயது எழுபதைத் தாண்டியது, சர்க்கரை வேறு. நான் ஹாலில் ஒரு ஓரமாகப் படுத்துக்கொண்டேன், தட்டும் டம்ளரும் தனி. "உனக்கு மட்டும்தான் அந்த ஸ்கூல்ல அக்கறையா?" என்று கணவர் கேட்டார். பதில் சொல்ல எனக்குத் தெம்பில்லை. போன் ஓயாமல் அடித்தது. குடியிருப்பு வாட்ஸ்அப் குழுவில், பள்ளியில் பாதிப் பேருக்குக் கொரோனா, மூடி மறைக்கிறார்கள் என்று யாரோ குரல் பதிவு போட்டுவிட்டார்கள். அதை நம்பி வந்த போன்களுக்கெல்லாம், இன்னும் ஒரு ரிசல்ட்டும் வரவில்லை, வந்ததும் உங்கள் பிள்ளையுடையதை உங்களிடம் மட்டும் சொல்வேன் என்ற ஒரே பதிலைத்தான் சொன்னேன். அந்த இடைவெளிக்கு ஒரு ஏற்பாடு அவசியம்: தினமும் ஒரு குறிப்பிட்ட நேரத்தில், ரிசல்ட் வரவில்லை என்றாலும்கூட, பெற்றோர் எல்லோருக்கும் ஒரு குரல் பதிவு அனுப்புங்கள். எழுத்தில் அனுப்பினால் படிக்காதவர்கள் இருக்கிறார்கள். நீங்கள் பேசாமல் இருக்கும் நேரத்தில்தான் வதந்தி பேசும்.

பிறகு ரிசல்ட் வந்தது. சிலருக்கு பாசிட்டிவ். அதில் ஒன்று, நான் சொன்ன மாறிப்போன பெண். அவளுக்கு எழுதியிருந்தது பக்கத்து வீட்டு எண். சுகாதாரப் பணியாளர் போன் செய்து, இன்னாருக்குத் தொற்று உறுதியாகியிருக்கிறது, வீடு எது என்று கேட்டிருக்கிறார். அவ்வளவுதான். அந்தப் பெண்ணின் அம்மா வேலையிலிருந்து திரும்புவதற்கு முன்பே பிளாக் முழுக்கத் தெரிந்துவிட்டது. கீழ்த்தளத்துக் குழாயடியில் அவர்கள் குடத்தை வைக்க விடவில்லை. நோய்க்குக்கூட அந்த அம்மா அழவில்லை, தண்ணீருக்குத்தான் அழுதார். நான் கேன் தண்ணீர் வாங்கிக்கொண்டு போனபோது வீட்டு வாசலில் யாரோ பிளீச்சிங் பவுடரைக் கொட்டி வைத்திருந்தார்கள், சின்னத் தம்பி அதன் மேல் கால் படாமல் தாண்டித் தாண்டி உள்ளே போய்வந்துகொண்டிருந்தான். இரண்டு நாள் கழித்து, நோட்டில் எழுதியதை வைத்துச் சுகாதார நிலையத்தில் சண்டை பிடித்து, எண்ணை ஒப்பிட்டுப் பார்த்தபோதுதான் பெயர் மாற்றம் தெரிந்தது. உண்மையில் தொற்று வந்திருந்த பெண் அதுவரை கடைத்தெருவில் நடமாடிக்கொண்டிருந்தாள். யார்மேலும் கோபப்பட்டுப் பயனில்லை என்று மனது சொன்னாலும் அன்று எனக்கு வந்த கோபம் இன்னும் அடங்கவில்லை. ஒரு எண் சரியாக இருந்திருந்தால் இரண்டு குடும்பமும் தப்பித்திருக்கும்.

நெகட்டிவ் வந்தவர்களைப் பற்றியும் ஒரு எச்சரிக்கை. முதல் பெண்ணுக்கு உறுதியான மறுநாளே எல்லோருக்கும் எடுத்துவிட்டோம். அறிகுறி இல்லாத, நெருங்கிப் பழகியவர்களுக்குத் தொடர்பு ஏற்பட்ட ஐந்தாம் நாளிலிருந்து பத்தாம் நாளுக்குள் ஒருமுறை எடுக்க வேண்டும் என்று ஐசிஎம்ஆர் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) 2020-லேயே சொல்லியிருந்தது. உடம்புக்குள் வைரஸ் பெருகி மூக்கில் தெரியும் அளவுக்கு வர நாள் ஆகும். முந்திக்கொண்டு எடுத்தால் இருப்பதும் தெரியாது. எங்கள் வகுப்பில் நெகட்டிவ் வந்த ஒரு பையனுக்கு அடுத்த சில நாளில் காய்ச்சல். "உங்க டெஸ்ட்டே பொய்யி" என்று அவன் அப்பா சொன்னார். டெஸ்ட் பொய் இல்லை, எடுத்த நாள்தான் சரியில்லை. இதை முன்பே தெரிந்துகொண்டு, கடைசியாகப் பக்கத்தில் உட்கார்ந்தது என்றைக்கு என்று கணக்குப் போட்டு, டீமிடம் நாளைக் கேட்டு வாங்குங்கள். ரிசல்ட் சொல்லும்போதும் "ஒண்ணுமில்ல" என்று சொல்லாதீர்கள். "இன்னைக்கு இல்ல, காய்ச்சல் வந்தா திரும்பப் பார்க்கணும்" என்று சொல்லுங்கள்.

ஒரே அறை வீட்டில் தனிமை எப்படி? தனி அறை, தனிக் கழிப்பறை என்று விதியில் இருந்தது எங்களில் ஒரு வீட்டிலும் கிடையாது. சில பிள்ளைகள் மாநகராட்சியின் கோவிட் பராமரிப்பு மையத்துக்குப் போனார்கள். பெண் பிள்ளைகளைத் தனியாக அனுப்ப அம்மாக்கள் சம்மதிக்கவில்லை. அம்மாவும் கூட வரலாமா என்று கேட்டு உறுதி செய்துகொண்ட பிறகுதான் ஒருவர் சரி என்றார். இந்தக் கேள்வியை நீங்களே முதலில் கேட்டு வையுங்கள். வீட்டில் இருந்தவர்களுக்கு நான் சொன்னது, ஜன்னலை மூடாதீர்கள், ராத்திரி நோயாளி ஜன்னல் பக்கம் படுக்கட்டும், பாட்டி தாத்தா இருந்தால் அவர்களைச் சொந்தக்காரர் வீட்டுக்கு அனுப்புங்கள், ஒரே சோப்பு ஒரே துண்டு வேண்டாம், கழிப்பறைக்குக் கடைசியாக நோயாளி போகட்டும். பள்ளிக்கு ஒரு பல்ஸ் ஆக்சிமீட்டர் வாங்கினேன். அதை வீடு வீடாகக் கொண்டுபோய், ரத்தத்தில் ஆக்சிஜன் அளவு 94-க்குக் கீழே இறங்கினால் உடனே 108-ஐக் கூப்பிடச் சொன்னேன். நல்லவேளை, யாருக்கும் இறங்கவில்லை.

தொற்றைவிட அதிகம் இழுத்தடித்தது அதற்குப் பின்னால் வந்த சான்றிதழ் விவகாரம். பத்து நாள் முடிந்து, காய்ச்சலும் இல்லை. ஒரு மாணவியின் அம்மாவுக்கும் தொற்று வந்து சரியாகியிருந்தது. ஆனால் அவர் வேலை செய்த அடுக்குமாடிச் சங்கத்தில் நெகட்டிவ் ரிப்போர்ட் இல்லாமல் உள்ளே விட மாட்டோம் என்றார்கள். அவசரத்துக்குத் தனியாரில் எடுத்தார். அப்போது தமிழ்நாட்டில் தனியார் கட்டணம் 900 ரூபாய், முதலமைச்சர் காப்பீட்டுத் திட்ட அட்டை இருந்தால் 550. அட்டை அவரிடம் உண்டு, ஆனால் அதைக் காட்டலாம் என்பது அவருக்குத் தெரியாது, 900 கொடுத்துவிட்டார். அதுவும் பாசிட்டிவ் என்று வந்தது. மனுஷி நொறுங்கிப்போனார். குணமான பிறகும் செத்த வைரஸின் துணுக்குகள் வாரக்கணக்கில் மூக்கில் தங்கும், ஆர்டி-பிசிஆர் அதையும் பிடித்துவிடும். அதனால்தான் ஒருமுறை பாசிட்டிவ் வந்தவருக்குத் திரும்ப ஆர்டி-பிசிஆர் எடுக்கக் கூடாது என்று ஐசிஎம்ஆர் 2021 மே மாதமே அறிவுரை வெளியிட்டிருந்தது. நான் அதைப் பிரிண்ட் எடுத்து, சுகாதார நிலைய டாக்டரிடம் தனிமைக் காலம் முடிந்தது என்று ஒரு வரி எழுதி முத்திரை வாங்கி, இரண்டையும் சங்கச் செயலாளரிடம் நேரில் கொடுத்தேன். அதன் பிறகே விட்டார்கள். அதற்குள் இரண்டு வீட்டு வேலை கைநழுவிப் போயிருந்தது. இதைப் படிக்கும் டீச்சர்கள் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்: குணமானவரிடம் நெகட்டிவ் ரிப்போர்ட் கேட்காதீர்கள். உங்கள் பள்ளியே கேட்கக் கூடாது. டாக்டர் தரும் தனிமை முடிவுச் சான்று போதும்.

பணக்கணக்கு. அரிசி, பருப்பு, எண்ணெய், கேன் தண்ணீர், ஆட்டோ, ஆக்சிமீட்டர், சிலருக்கு ரீசார்ஜ், அந்தத் தனியார் டெஸ்ட் எல்லாம் சேர்த்து என் கையிலிருந்து பதினைந்தாயிரத்துக்கு மேல் போனது. எதுவும் திரும்பி வரவில்லை, கேட்க ஒரு செலவுத் தலைப்பே கிடையாது. சத்துணவு அமைப்பாளர் அக்கா மட்டும், பள்ளிக்கு வர முடியாத பிள்ளைகளின் பங்கு முட்டையை வீட்டுக்கே கொடுத்தனுப்ப வழிசெய்தார். அவரை என்றைக்கும் மறக்க மாட்டேன். கவுன்சிலரிடம் போகலாம் என்றால் மாநகராட்சிக்கு அப்போது கவுன்சிலரே கிடையாது, தேர்தல் 2022 பிப்ரவரியில்தான் நடந்தது. நீங்கள் ஒருவராகவே உங்கள் பணத்தைப் போட்டுச் செலவு செய்யாதீர்கள். டெஸ்ட் தேதி தெரிந்த அன்றே பள்ளி மேலாண்மைக் குழு, முன்னாள் மாணவர்கள், பக்கத்துக் கடைக்காரர்கள் என்று நான்கு பேரிடம் சொல்லி, இத்தனை குடும்பத்துக்கு இரண்டு வார மளிகை என்று குறிப்பாகக் கேளுங்கள். நோய் வந்த பிறகு கேட்டால் எந்த வீட்டுக்கு என்று கேட்பார்கள், பெயர் வெளியே போய்விடும். முன்பே கேட்டால் அந்தச் சிக்கல் இல்லை.

பணத்தைவிடப் பெரிய இழப்பு ஒன்று உண்டு. டெஸ்ட் என்று கேள்விப்பட்டு அன்று வராமல் போன பையன்களில் ஒருவன், ஊரடங்கு நாள்களில் டூ-வீலர் மெக்கானிக் கடையில் வேலை பார்த்தவன். பள்ளி திறந்ததும் அவனைத் திரும்பக் கொண்டுவர நான் எத்தனையோ பேசியிருந்தேன். கணக்கில் கெட்டிக்காரன். டெஸ்ட் எடுக்காமல் சேர்க்க மாட்டார்கள் என்று யாரோ சொன்னதைக் கேட்டுக் கடைக்கே போய்விட்டான். அப்படி ஒரு விதியே இல்லை. வீட்டுக்குப் போய்ச் சொன்னேன், அவன் அப்பா, பிறகு பார்க்கலாம் என்றார். 2022 மே மாதப் பொதுத் தேர்வில் அவன் இடம் காலியாக இருந்தது. டெஸ்ட்டுக்கும் பள்ளிச் சேர்க்கைக்கும் சம்பந்தமில்லை, வேண்டாம் என்றாலும் பிள்ளை வரலாம், தனிமை நாள் முடிந்ததும் உட்காரலாம் என்பதை முதல் போனிலேயே சொல்லிவிடுங்கள்.

2022 ஜனவரி 3-ஆம் தேதி 15 வயது நிரம்பியவர்களுக்கு கோவாக்சின் போட ஆரம்பித்து, பள்ளியிலேயே முகாம் வைத்தார்கள். அதற்குள் என் நோட்டில் ஒவ்வொரு வீட்டின் எண்ணும் சரிபார்த்து இருந்தது. அம்மாக்கள் கூட்டத்தை ஞாயிற்றுக்கிழமை மாலை வைத்தேன். அவர்களுக்குக் கொஞ்சமாவது ஓய்வு அப்போதுதான். செப்டம்பரில் என்னிடம் கத்திய அம்மாக்களே பிள்ளையைக் கையைப் பிடித்துக் கூட்டி வந்தார்கள். கையெழுத்துப் போடும் இடத்தில் அவர்கள் என்னிடம் கேட்டது மருந்தைப் பற்றி இல்லை, ஊசி போட்ட மறுநாள் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் தாங்கள் வேலைக்கு லீவ் எடுக்கணுமா என்றுதான்.

கடைசியாக, வேலை கொடுப்பவர்களுக்கு நான் கொடுத்த லெட்டரின் வாசகத்தை இங்கே தருகிறேன், தேவைப்பட்டால் எடுத்துக்கொள்ளுங்கள். பள்ளியின் பெயரையோ பிள்ளையின் பெயரையோ அதில் எழுதாதீர்கள், டாக்டரின் முத்திரை மட்டும் போதும். "இந்தக் கடிதத்தைக் கொண்டுவருபவர் சுகாதாரத் துறை வழிகாட்டுதலின்படி தனிமைக் காலத்தை முடித்துவிட்டார். இவரால் இப்போது பிறருக்குத் தொற்று பரவும் வாய்ப்பு இல்லை. இவர் வேலைக்கு வரலாம். மறுபடி பரிசோதனை தேவையில்லை. விடுப்பில் இருந்த நாள்களுக்கான ஊதியத்தை வழங்கி உதவுமாறு கேட்டுக்கொள்கிறோம்." கடைசி வரியை முதலில் எழுதத் தயங்கினேன். எழுதிக் கொடுத்ததில் இரண்டு வீட்டுக்காரர்கள் முழுச் சம்பளமும் கொடுத்தார்கள். ஆகவே அந்த வரியை எடுத்துவிடாதீர்கள்.